லினக்ஸை நீக்கும் முன் வாசலை மாற்றுங்கள்

“அண்ணா, லேப்டாப் போயிடுச்சு” என்று சித்தி மகன் இரவு பத்தரைக்கு அழைத்தான். குரலே சரியில்லை. மறுநாள் காலை கல்லூரியில் ப்ராஜெக்ட் காட்ட வேண்டும். என்னடா செய்தாய் என்று கேட்டேன். “ஒண்ணும் பண்ணலண்ணா. உபுண்டு சும்மாதானே கிடக்குன்னு அழிச்சேன். விண்டோஸ்ல இருந்துதான் அழிச்சேன். ரீஸ்டார்ட் பண்ணா கறுப்பா நிக்குது.”

திரையில் இருப்பதை அப்படியே படிக்கச் சொன்னேன். அப்படி ஒரு பார்ட்டிஷனே, அதாவது வன்தட்டில் பிரித்துவைத்த பகுதியே, இல்லை என்று ஒரு வரி. அதன் கீழே ‘க்ரப் ரெஸ்க்யூ’. பக்கத்தில் மினுங்கும் கோடு. அவ்வளவுதான்.

அவன் அழித்த உபுண்டு, விண்டோஸைப் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸின் ஒரு வகை. அவனுடைய விண்டோஸுக்கு எதுவும் ஆகவில்லை. ப்ராஜெக்ட் கோப்பு ஒன்றுகூட அழியவில்லை. விண்டோஸை எழுப்பிவிட ஆள் இல்லாமல் போயிருந்தது, அதுதான் சிக்கல். லினக்ஸை நீக்கப்போய் மாட்டிக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் மாட்டுவது இந்த ஒரே இடத்தில்தான். அழிப்பதில் அவர்கள் தவறு செய்வதில்லை, வரிசையில்தான் செய்கிறார்கள்.

வாசலில் நிற்பவர் யார்?

கணினியின் பொத்தானை அழுத்தியதும் விண்டோஸோ லினக்ஸோ நேரடியாக எழுந்துவிடுவதில்லை. முதலில் விழிப்பது மதர்போர்டில் இருக்கும் ஒரு சிறு மென்பொருள். பழைய கணினிகளில் அதன் பெயர் பயாஸ், புதியவற்றில் யூஇஎஃப்ஐ. அது வன்தட்டில் இருக்கும் பூட்லோடரைத் தேடிப் பிடித்து வேலையை ஒப்படைக்கும். பூட்லோடர்தான் இயங்குதளத்தை எழுப்பும்.

விண்டோஸ் இருக்கும் கணினியில் லினக்ஸை நிறுவும்போது, அது தன் பூட்லோடரான க்ரப்பை வரிசையில் முதலாவதாக வைத்துக்கொள்கிறது. அன்றிலிருந்து விண்டோஸும் க்ரப்பின் கை வழியாகவே திறக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் குடிவந்த குடும்பம் வாசலுக்கு ஒரு காவலரை அமர்த்தியது. இரண்டு குடும்பத்துக்கும் கதவைத் திறந்துவிடுபவர் அவர்தான். ஆனால் சாவிக்கொத்து, அவரை அழைத்துவந்த குடும்பத்தின் அறையில் மாட்டியிருக்கிறது. அந்த அறையை இடித்துவிட்டால் காவலர் வாசலில் வெறுங்கையோடு நிற்பார். உள்ளே விண்டோஸ் குடும்பம் நலமாக இருக்கும், கதவு மட்டும் திறக்காது.

பழைய முறையில் இது அப்படியே நடக்கிறது. வன்தட்டின் முதல் செக்டர் 512 பைட் கொண்டது. அதில் 446 பைட் மட்டுமே பூட் நிரலுக்கு, மீதியில் பார்ட்டிஷன் பட்டியலும் ஒரு முத்திரையும் இருக்கும். இவ்வளவு சிறிய இடத்தில் க்ரப் முழுவதையும் அடைக்க முடியாது. ஆகவே தலைமாட்டில் ஒரு துண்டை வைத்துவிட்டு, தன் மெனு, அமைப்புகள், பாகங்கள் எல்லாவற்றையும் லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் வைத்துக்கொள்கிறது. பார்ட்டிஷன் போனால் துண்டு மட்டும் மிஞ்சும். ‘ரெஸ்க்யூ’ என்று அது கேட்பது, தன் மற்ற பாகங்கள் எங்கே என்று.

யூஇஎஃப்ஐ முறை இதைவிட நாகரிகமானது. இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்று ஒரு சிறு பகுதி வன்தட்டில் இருக்கும். விண்டோஸ் நிறுவும்போது அது பெரும்பாலும் 100 எம்பி அளவில் உருவாகிறது. அதற்குள் மைக்ரோசாஃப்டுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒரு ஃபோல்டர் என்று தனித்தனியாகக் குடியிருக்கின்றன. யாரை முதலில் எழுப்ப வேண்டும் என்ற பட்டியல் மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கிறது. அதனால் புதிய கணினியில் காவலரை மாற்றுவது என்றால் அந்தப் பட்டியலில் ஒரு பெயரை மேலே ஏற்றுவதுதான்.

உங்களிடம் இருப்பது எந்த லினக்ஸ்?

இதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற செயலிக்குள் லினக்ஸ் ஓடுகிறது என்றால், அந்த மெய்நிகர் கணினியைச் செயலியிலிருந்தே நீக்கினால் போதும், வாசலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. விண்டோஸுக்குள்ளேயே டெர்மினலில் திறக்கும் டபிள்யூஎஸ்எல் வகையும் அப்படித்தான். ஆனால் அதில் ‘அன்ரெஜிஸ்டர்’ என்ற கட்டளை கொடுத்தால் உள்ளே நீங்கள் எழுதிவைத்த எல்லாமே உடனே அழிந்துவிடும், குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாது. பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பார்த்ததோடு சரி என்றால் கணினியில் நீக்க எதுவுமே இல்லை.

கணினியைத் திறந்ததும் ‘உபுண்டுவா, விண்டோஸா’ என்று மெனு கேட்கிறது என்றால் அதுதான் டூயல் பூட். இனி சொல்வது அதற்காக.

கைவைக்கும் முன்

லினக்ஸில் நீங்கள் சேர்த்தவற்றை லினக்ஸில் இருக்கும்போதே வெளி வன்தட்டுக்கு எடுத்துவிடுங்கள். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறையை விண்டோஸ் தானாகப் படிக்காது. ‘பிறகு விண்டோஸிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்’ என்று விட்டால் எடுக்க எளிய வழி இருக்காது. ஹோம் ஃபோல்டரில் கன்ட்ரோலையும் எச் விசையையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபோல்டர்கள் தெரியும். வேறு கணினிகளுக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் சாவிகள், உலாவியின் கடவுச்சொற்கள், செயலிகளின் அமைப்புகள் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. படங்களையும் ஆவணங்களையும் பத்திரமாக எடுத்துவிட்டு இவற்றை மறந்தவர்கள் பலர்.

அடுத்து பிட்லாக்கர். இதை வலியுறுத்திச் சொல்கிறேன். விண்டோஸ் 11 மடிக்கணினிகள் பலவற்றில், உரிமையாளர் கேட்காமலேயே வன்தட்டுக் குறியாக்கம் இயங்கிக்கொண்டிருக்கும். பூட் வரிசை மாறியதும் அது சந்தேகப்பட்டு 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். வேலையைத் தொடங்கும் முன்பே அதைத் தேடித் தாளில் எழுதிவையுங்கள். கணினியே திறக்காதபோது சாவியைக் கணினிக்குள் வைத்திருந்து பயனில்லை. வேலை முடியும்வரை பிட்லாக்கரை இடைநிறுத்தி வைப்பது இன்னும் நல்லது.

மூன்றாவதாக, விண்டோஸ் நிறுவும் பென்டிரைவ் ஒன்று கையில் இருக்கட்டும். மைக்ரோசாஃப்டின் மீடியா க்ரியேஷன் டூல் இதை இலவசமாகச் செய்துதரும், 8 ஜிபி பென்டிரைவ் போதும். பயன்படாமலே போகலாம். ஆனால் சித்தி மகன் அன்று இரவு விடுதியில் அறை அறையாக அலைந்து தேடியது இதைத்தான்.

கடைசியாக ஒரு தாளும் பேனாவும். லினக்ஸில் இருக்கும்போது ‘டிஸ்க்ஸ்’ என்ற செயலியைத் திறந்து, எந்தெந்த பார்ட்டிஷன் லினக்ஸுடையது, எவ்வளவு அளவு, எத்தனையாவது இடம் என்று எழுதிக்கொள்ளுங்கள். விண்டோஸுக்குப் போனால் இவை பெயரில்லாத பெட்டிகளாகத்தான் தெரியும். அளவிலும் ஒரு குழப்பம் உண்டு. டிஸ்க்ஸ் செயலி ஆயிரத்தின் மடங்கில் கணக்கிடுகிறது, விண்டோஸ் 1024இன் மடங்கில் கணக்கிடுகிறது. அங்கே 100 ஜிபி என்று இருந்தது இங்கே 93 ஜிபி சொச்சம் என்று தெரியும். இரண்டும் ஒன்றே.

முதலில் வாசல், பிறகு அறை

விண்டோஸுக்கு வாருங்கள். ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ரீஸ்டார்ட்டைச் சொடுக்கினால் நீலத் திரை ஒன்று வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று போகலாம். கணினி இயங்கத் தொடங்கும்போது எஃப்2, எஃப்10, டெலீட் என்று நிறுவனத்துக்கு ஒரு விசையைத் தேடித் தட்டிக்கொண்டிருப்பதைவிட இது எளிது.

உள்ளே பூட் என்ற பகுதியில் ‘உபுண்டு’ என்றும் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்றும் இரு பெயர்கள் இருக்கும். இரண்டாவதை முதலிடத்துக்கு ஏற்றிச் சேமியுங்கள்.

இப்போது நிறுத்துங்கள். எதையும் அழிக்க வேண்டாம். கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு முழுதாக அணைத்து மறுபடி இயக்குங்கள். இரண்டு முறையும் க்ரப் மெனு வராமல் நேராக விண்டோஸ் திறக்க வேண்டும். திறந்தால் காவலர் மாறிவிட்டார், லினக்ஸ் பார்ட்டிஷன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இனி விண்டோஸுக்குக் கவலையில்லை. திறக்கவில்லை என்றாலும் நீங்கள் எதையும் இழக்கவில்லை, பட்டியலை மறுபடி சரிபார்க்கலாம். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. நான் பார்த்தவரை எல்லோரும் தாண்டிப்போவதும் இதைத்தான்.

அதன் பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட். தொடக்கப் பொத்தானில் வலது சொடுக்கினால் அந்தப் பெயர் வரும். கீழே வன்தட்டு ஒரு நீளப் பட்டையாகத் தெரியும். லினக்ஸ் பகுதிகளுக்கு டிரைவ் எழுத்து இருக்காது, விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் என்ற பெயரும் இருக்காது. தாளில் எழுதிய அளவோடு ஒத்துப்பார்த்து, பொருந்துவதை மட்டும் ‘டெலீட் வால்யூம்’ கொடுங்கள். பழைய நிறுவல்களில், நினைவகம் போதாதபோது பயன்படும் ஸ்வாப் என்று தனியாக ஒரு பகுதியும் இருக்கும். உபுண்டு 17.04 முதல் இயல்பான நிறுவலில் ஸ்வாப் ஒரு கோப்பாகவே வருவதால் தனிப் பகுதியைத் தேட வேண்டியிருக்காது.

எழுத்து இல்லாத பகுதி எல்லாம் லினக்ஸ் அல்ல. ‘ரெகவரி பார்ட்டிஷன்’ என்று எழுதியிருப்பது விண்டோஸ் பழுதானால் மீட்பதற்கானது. ‘இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்’ என்பது நாம் பார்த்த வாசலேதான், விண்டோஸும் அதன் வழியாகவே எழுகிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட் பொதுவாக அதை அழிக்க விடாது. ஆனால் வெளியிலிருந்து இறக்கும் பார்ட்டிஷன் செயலிகளும், டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியும் சொன்னதைச் செய்துவிடும். ‘லினக்ஸை முழுதாகத் துடைக்கிறேன்’ என்று அந்தப் பகுதியையே அழித்துவிட்டால், உள்ளே இருந்த மைக்ரோசாஃப்ட் ஃபோல்டரும் சேர்ந்து போய்விடும்.

அழித்த இடம் கறுப்புப் பட்டையாக ‘அன்அலொகேட்டட்’ என்று மாறும். அது சி டிரைவுக்கு வலப்புறம் ஒட்டியே இருந்தால், சி மீது வலது சொடுக்கி ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். நடுவில் ரெகவரி பார்ட்டிஷன் இருந்தால் அந்தத் தேர்வு மங்கலாகவே நிற்கும். ரெகவரியை நகர்த்திச் சேர்க்க வழிகள் உண்டு, ஆனால் புதியவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். அந்த இடத்தில் டி என்று புது டிரைவ் உருவாக்கிவிடுங்கள், படங்களும் பாடங்களும் அங்கே இருக்கட்டும். பார்ட்டிஷன் பட்டியலை முதல் செக்டரில் வைத்திருக்கும் பழைய எம்பிஆர் தட்டுகளில் அழித்த இடம் கறுப்பாக இல்லாமல் பச்சைக் கட்டத்துக்குள் ‘ஃப்ரீ ஸ்பேஸ்’ என்று காட்டினால், அதைச் சூழ்ந்திருக்கும் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனையும் அழித்த பிறகே சி விரியும். அதற்குள் உங்கள் வேறு டிரைவ் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

இஎஃப்ஐ பகுதிக்குள் உபுண்டுவின் சிறு ஃபோல்டர் மிஞ்சியிருக்கும். பூட் பட்டியலிலும் அதன் பெயர் இரண்டாவதாகக் கிடக்கும். அவற்றை நீக்கக் கட்டளைகள் இருக்கின்றன. ஆனால் அந்த ஃபோல்டர் சில எம்பிக்கு மேல் இடம் பிடிக்காது, யாரையும் தொந்தரவு செய்யாது. அதைத் துடைக்கக் கட்டளைத் திரையில் இறங்கி வாசலையே உடைத்துக்கொள்வதைவிட, அப்படியே விட்டுவிடுவது மேல்.

விண்டோஸ் திறந்ததும் கடிகாரத்தையும் பாருங்கள். லினக்ஸ் மதர்போர்டின் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கித் தெரிவது அதனால்தான். நேர அமைப்பில் ஒருமுறை ‘சிங்க் நவ்’ கொடுத்தால் சரியாகிவிடும்.

பழைய கணினி என்றால்

தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது நினைவிருக்கலாம். டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய லினக்ஸ் அது. அந்தக் காலத்துக் கணினிகள் இன்றும் பல வீடுகளில் ஓடுகின்றன. பயாஸ் முறையில் இயங்கும் இப்படிப்பட்ட கணினிகளில் பூட் பட்டியலில் பெயர் மாற்றும் வசதி கிடையாது, வன்தட்டின் முதல் செக்டரில் உள்ள நிரலையே மாற்ற வேண்டும்.

அதற்கு விண்டோஸ் பென்டிரைவிலிருந்தோ டிவிடியிலிருந்தோ கணினியை இயக்கி, நிறுவு என்பதைத் தொடாமல், கீழே இருக்கும் ‘ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்’ வழியாகக் கட்டளைத் திரைக்குப் போக வேண்டும். அங்கே ‘பூட்ரெக்’ என்ற கருவியை ‘ஃபிக்ஸ்எம்பிஆர்’ என்ற தேர்வோடு இயக்கினால், க்ரப்பின் துண்டு போய் விண்டோஸின் நிரல் அந்த இடத்தில் உட்காரும். பார்ட்டிஷன் பட்டியலை அது தொடாது. இதை லினக்ஸை அழிக்கும் முன்பும் செய்யலாம், அழித்துவிட்டு மாட்டிக்கொண்ட பிறகும் செய்யலாம். சித்தி மகனுக்கு அன்று நான் தொலைபேசியில் சொல்லச் சொல்ல அவன் தட்டியது இந்த ஒரு வரிதான். பென்டிரைவ் கிடைக்கத்தான் நள்ளிரவு தாண்டியது, கட்டளை ஒரு நொடியில் முடிந்தது.

கணினியில் லினக்ஸ் மட்டுமே இருந்து, அதை எடுத்துவிட்டு விண்டோஸ் போட வேண்டும் என்றால் தனியாக நீக்கவே தேவையில்லை. நிறுவும்போது எல்லாப் பகுதிகளையும் அழித்துப் புதிதாக எழுதலாம். ஆனால் மீடியா க்ரியேஷன் டூல் லினக்ஸில் ஓடாது. விண்டோஸை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே பென்டிரைவில் எழுதினாலும் அது பூட் ஆகாது. வென்டாய் போன்ற கருவியைப் பயன்படுத்துங்கள், அல்லது வேறொரு விண்டோஸ் கணினியில் பென்டிரைவைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

முழுதாக வேண்டாம், சில பாகங்கள் மட்டும்

பலர் லினக்ஸையே நீக்க நினைப்பது வன்தட்டில் இடம் இல்லாததால். அதன் பாகங்களில் எதையாவது நீக்கினால் போதுமே என்று தோன்றும். போதும்தான், ஆனால் இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது.

லினக்ஸில் மென்பொருள்கள் தொகுப்புகளாக வருகின்றன. ஒரு தொகுப்பை நீக்கினால், அதை நம்பியிருக்கும் மற்றவையும் சேர்ந்து நீங்கும். பைத்தான் என்ற நிரல்மொழியை எடுத்துக்கொள்வோம். ‘நான் பைத்தான் எழுதுவதில்லை, எனக்கு எதற்கு?’ என்று உபுண்டுவில் அதை நீக்கப் போகிறார்கள். உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பல பைத்தானில் எழுதப்பட்டவை. அதை நீக்கச் சொன்னால் டெஸ்க்டாப்பின் பெரும்பகுதியும் சேர்ந்து கிளம்பிவிடும்.

2021 நவம்பரில் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் விளையாட்டுகளுக்கான ஸ்டீம் செயலியை நிறுவப்போனபோது நடந்ததும் இதுதான். அவர் எதையும் நீக்கச் சொல்லவில்லை, நிறுவத்தான் சொன்னார். அப்போது தொகுப்பில் இருந்த ஒரு பிழையால், ஸ்டீமை நிறுவ டெஸ்க்டாப்பையே நீக்க வேண்டும் என்று கணினி கணக்குப் போட்டது. நீங்கப்போகும் பட்டியலைக் காட்டி எச்சரித்தது. தொடர வேண்டுமானால் ‘யெஸ், டூ அஸ் ஐ சே!’ என்று முழு வாக்கியத்தைத் தட்டச்சு செய்யச் சொன்னது. அவர் செய்தார். டெஸ்க்டாப் போய்விட்டது. கணினிகளோடு பல ஆண்டுகள் பழகியவர் அவர். நீளமான பட்டியலைப் படிக்காமல் கடந்துவிடும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது.

ஆகவே டெர்மினலில் ஒன்றை நீக்கும்போது, என்டர் தட்டுவதற்கு முன் ‘நீக்கப்படுபவை’ என்று அது காட்டும் பட்டியலைப் பெயர் பெயராகப் படியுங்கள். ஒரு சிறு விளையாட்டை நீக்கச் சொல்லி நாற்பது பெயர்கள் வந்தால், வேண்டாம் என்று சொல்லி வெளியே வந்துவிடுங்கள். உபுண்டுவில் தொகுப்புகளை நிறுவி நீக்கும் ஆப்ட் கருவியில் ‘சிமுலேட்’ என்றொரு தேர்வு இருக்கிறது. எதையும் உண்மையில் செய்யாமல், செய்தால் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும். தவறி நீக்கிவிட்டாலும் அது தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கும். வார் ஃபோல்டருக்குள் லாக், அதற்குள் ஆப்ட், அங்கே ஹிஸ்டரி என்ற கோப்பு. எந்த நாளில் எந்தத் தொகுப்புகள் போயின என்று அதில் பார்த்து மறுபடி நிறுவிக்கொள்ளலாம்.

துணிந்து நீக்கக்கூடியவை பழைய கெர்னல்கள். லினக்ஸின் மையப் பகுதிதான் கெர்னல். ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் ஒரு கெர்னல் வந்து சேர்ந்து, தனியாக பூட் பார்ட்டிஷன் வைத்திருப்பவர்களுக்கு அது நிரம்பிப்போய் அடுத்த புதுப்பிப்பே நின்றுவிடும். பூட் ஃபோல்டருக்குள் போய்க் கோப்புகளைக் கையால் அழிக்காதீர்கள். தொகுப்பு மேலாளருக்கு அது தெரியாது, க்ரப் மெனுவில் இல்லாத கெர்னலின் பெயர் நிற்கும். ‘ஆட்டோரிமூவ்’ கட்டளை கொடுத்தால், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலையும் மிகப் புதியதையும் விட்டுவைத்து, தேவையற்ற பழையவற்றை எடுத்து மெனுவையும் திருத்திவிடும். புதிய கெர்னல் உங்கள் கணினியோடு ஒத்துப்போகாவிட்டால், அப்படி விட்டுவைத்த பழையதை க்ரப் மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்ற வரிக்குள் தேர்ந்தெடுத்து உள்ளே போகலாம்.